இடப்பக்கத்துப் பெடல்

தார்ப்பாயை உருவியதும் கார் ஷெட் முழுக்கத் தூசி எழும்பி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. மோரிஸ் மைனரின் கூரை, கண்ணாடி, ஸ்டியரிங், கிழிந்த சீட், அதற்குள்ளிருந்து எலி இழுத்துப்போட்டிருந்த தேங்காய் நார் என்று எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை கிடந்தது. லாஸ்யா டார்ச்சை அணைக்கப்போன நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. இடப்பக்கத்து சீட்டின் கால்மாட்டில், தரையிலிருந்து முளைத்து நின்ற ஒற்றைப் பெடலின் ரப்பர் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. அதன் மேல் தூசி இல்லை. கோயில் படியைப் போல, மிதிபட்டு மிதிபட்டு வந்த வழவழப்பு.

கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் அமுக்கினாள். சுவரைத் தள்ளியது போலிருந்தது.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் எந்தக் காரிலும் பெடல் இருக்காது, டிரைவிங் ஸ்கூல் வண்டிகளைத் தவிர. இது அவளுடைய மாமனார் அரங்கசாமி, கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்து மாட்டியது. தரைக்கு அடியில் ஒரு நீளமான இரும்புத் தண்டு போய், வலப்பக்கத்து பிரேக்கோடு சேரும். இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும். மனைவி ரங்கம்மாளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்தாராம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள் ஒரு மாதத்தில் லைசன்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தைக்கு அந்தப் பாடம் கடைசிவரை முடியவே இல்லை. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வண்டி ஷெட்டில் ஏறிய நாள்வரை, அவர் பக்கத்தில் உட்காராமல் அத்தை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

சென்ற சித்திரையில் மாமா போனபோது கிளப்பில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மில்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்திலேயே சம்சாரத்துக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்த மனுஷன்" என்று கண் கலங்கினார்கள். அத்தை முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த லாஸ்யாவுக்கு மட்டும் தெரிந்தது, சேலைக்கு அடியில் அத்தையின் வலது கால் தரையை அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் லாஸ்யாவுக்கு அந்தக் கோபம் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் அது தணியவில்லை.

அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவள். கணவன் தேஜா நல்லவன்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், வலது காலால் வெறும் தரையை மிதிப்பான். ஆட்டோ குறுக்கே வந்தால் மிதி. நாய் வந்தால் மிதி. ஒன்றும் வராவிட்டாலும் மிதி. அவர்கள் காரில் இடப்பக்கத்துத் தரையில் விரித்திருந்த ரப்பர் மிதியடியில் அவன் குதிகால் பட்ட இடம் குழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த மிதியடி புதுசாகவே இருந்தது. மெல்ல மெல்ல அவள் ஓட்டுவதையே விட்டிருந்தாள்.

மோரிஸைச் சரிசெய்து பழைய கார் ஊர்வலத்தில் விடலாம் என்று தேஜாதான் ஆரம்பித்தான். நானே செய்கிறேன் என்று லாஸ்யா அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். ஊர்வலத்தில் ஓட்டப்போவது மகள் நேஹா. இந்த வருஷம்தான் லைசன்ஸ் எடுத்திருக்கிறாள்.

"அந்தப் பெடலைக் கழட்டிடறேன்," என்றாள் லாஸ்யா, இட்லி பரிமாறிக்கொண்டே.

"பைத்தியமா? ஹைலைட்டே அதுதான். 'அப்பா பெடல்'னு ஒரு போர்டு வைக்கலாம்னு இருக்கேன்."

"நேஹா ஓட்டறதுன்னா அது இருக்கக் கூடாது."

"ஓட்டட்டுமே, யார் வேண்டாம்னா? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பெடலும் இருந்துட்டுப் போகட்டும். சேஃப்டிதானே?"

"எனக்கு லைசன்ஸ் குடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீசுங்கப்பா. உங்க கால் இல்லை," என்றாள் நேஹா.

தேஜா சிரித்தான். "வாயைப் பாரு, வாயை!" என்று மகளின் தலையைத் தட்டிவிட்டு, மில்லின் நூல் வியாபார விஷயமாக ஈரோட்டுக்குக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவான்.

அதற்குள் அந்தப் பெடல் வெளியே வந்தாக வேண்டும். இந்த வீட்டில் ஒருத்தியாவது பக்கத்தில் எவருடைய காலும் இல்லாமல் ஓட்ட வேண்டும். லாஸ்யா வேறு எதையும் நினைக்கவில்லை.

டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து மூட்டில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டாள். சுத்தியலால் தட்டினாள். ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டித் தொங்கிப் பார்த்தாள். வலப்பக்கத்துப் பெடல் கொஞ்சம் முனகிவிட்டு விட்டுக்கொடுத்தது. இடப்பக்கத்தது அசையவே இல்லை. கடைசியில் சாயிபாபா காலனியிலிருந்து வெல்டர் சஹீரைக் கேஸ் சிலிண்டரோடு வரச் சொன்னாள்.

சஹீர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு தட்டிக் கேட்டான். "அக்கா, துருன்னா நாலு தட்டுல சத்தம் மாறோணும். இது மாறவே மாட்டேங்குது. இது துரு இல்லீங்க, பிடிவாதம்."

"எங்க ஊட்டுப் பொருள் ஆச்சே."

"அப்படிச் சொல்லுங்க," என்று சிரித்துக்கொண்டே நெருப்பைப் பற்றவைத்தான்.

தண்டு மெல்லச் சிவந்தது. லாஸ்யா வண்டியின் திறந்திருந்த கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அடைமழைக்கு முந்தைய புழுக்கம். எங்கேயோ ஒரு பிரஷர் குக்கர் சத்தம். அப்போது அவள் கண் முன்னால் இடப்பக்கத்துப் பெடல் இறங்கியது. சடாரென்று இல்லை. அவசரமே இல்லாத ஒருவர் காலை வைத்து, இடம் பார்த்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது போல இறங்கி, அடியில் நின்றது. பின்சக்கரங்களில் பிரேக் டிரம் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு அதே நிதானத்தோடு மேலே வந்தது.

"மிதிச்சீங்களாக்கா?" அடியிலிருந்து சஹீரின் குரல்.

"இல்லை."

சஹீர் கேஸை அணைத்தான். "சூட்டுல இரும்பு விரியும்," என்றான் அவன். வெளியே வந்து கையைத் துடைத்தான். மூக்கைச் சுளித்தான். "ஊட்ல யாருக்குங்க மூட்டுவலி? நீலகிரித் தைலம் வாசம் தூக்குதே."

மாமாதான் தைலம் தேய்த்துக்கொள்வார், வலது முழங்காலில், தினமும்.

"நாளைக்கு வாரேங்க" என்று போனவன் வரவில்லை. போன் செய்தால், "பொள்ளாச்சிப் பார்ட்டி ஒண்ணு வந்து உக்காந்துட்டாருங்கக்கா" என்றான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. லாஸ்யாவுக்குப் பயத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. இரும்பு விரியும், சரி. ஆனால் அந்த வண்டியில் பிரேக் ஆயிலே இன்னும் ஊற்றவில்லை. குழாய்கள் காய்ந்து கிடந்தன. எதைக்கொண்டு டிரம் இறுகியது?

மறுநாள் மத்தியானம் ரங்கம்மாள் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வறுத்த நிலக்கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

"வருதா அம்மணி?"

"வரலீங்க அத்தை."

"வராது." மழை வராது என்று சொல்கிற குரல்.

லாஸ்யா ஸ்பேனரைக் கீழே போட்டாள். "மாமா உங்களைத் திட்டுவாருங்களா, ஓட்டும்போது?"

"திட்டறதா? அந்த மனுஷனா?" அத்தை சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள தெலுங்குதானே. கார்ல ஏறினா மட்டும் தமிழுக்கு மாறிக்குவாரு. மில்லுக்கு வர்ற ஆபீசருங்ககிட்டப் பேசுவாரே, அந்த மரியாதைத் தமிழ். 'மெதுவாங்க'ம்பாரு. 'பாத்துங்க'ம்பாரு. எனக்கு, பொண்டாட்டிக்கு, 'ங்க' போட்டு. சத்தமே எந்திரிக்காது. கால் மட்டும் இறங்கும்."

கடலைத் தோலை ஊதினாள்.

"ஒரே ஒருக்கா வேகமாப் போனேன். கொடுமுடிக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் கரும்பு. எதிர்ல ஈ காக்கா இல்லை. காத்துல கொண்டை அவுந்துபோச்சு, நான் கட்டவே இல்லை. பாட்டுக்கூடப் பாடினேன்னு நினைக்கிறேன். 'மெதுவாங்க'ன்னாரு. காதுல உழாத மாதிரி இருந்தேன். காலை இறக்கிப்போட்டாரு. ஸ்டியரிங்ல வாய் போயி மோதி, முன்னால ரெண்டு பல்லு. அவரே துண்டை நனைச்சாந்து தொடச்சு உட்டாரு. 'நல்ல வேளைங்க, நான் இருந்தேன்'னாரு. ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாரு. அந்த டாக்டரம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"வாய் நிறையப் பஞ்சு வெச்சிருந்தாங்களே." அத்தை எழுந்து மடியைத் தட்டினாள். "பெடலைப் போயிக் கழட்டிட்டு இருக்கிறே. கழட்டறதானா அந்த சீட்டைக் கழட்டோணும்."

லாஸ்யா அதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டாள்.

மாமா கத்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம். அடித்திருந்தால் நாலு பேரிடம் காட்டலாம். 'ங்க' போட்டுச் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது? 'எவ்வளவு மரியாதை பாருங்க' என்றுதானே சொல்வார்கள்?  அன்று மாலையே லாஸ்யா கிரைண்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். கழற்ற முடியாவிட்டால் அறுத்துவிடலாம்.

அடியில் படுத்துப் பார்த்தால், பெடலின் தண்டு மேலே நுழைகிற துளை முகத்துக்கு நேராக இருந்தது. இரண்டு விரல் நுழையும் அகலம். அதன் வழியே காருக்குள்ளிருந்து கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. அடியில் போட்டிருந்த பலகையில் முதுகு வலிக்க, கிரைண்டரின் வயரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அந்த வெளிச்சம் அணைந்தது.

மேகம் என்று நினைத்தாள். ஆனால் பக்கத்தில் துருப்பிடித்த பொத்தல்களில் வெளிச்சம் அப்படியே இருந்தது. இந்தத் துளை மட்டும் இருட்டு. உற்றுப் பார்த்தாள். இருட்டுக்கு ஓர் ஓரம் இருந்தது. ஓரத்தில் நூல் தையல். பழைய தோல் செருப்பின் அடி.

வண்டியின் ஸ்பிரிங்குகள் முனகின. இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. தைலத்தின் வாசனை எண்ணெய் வாசனையைத் தள்ளிக்கொண்டு இறங்கியது.

பெடலின் தண்டு அவள் கன்னத்தை நோக்கி வந்தது. நின்றது. மேலே போனது. மறுபடி வந்தது. பொறுமையாக. சரிபார்ப்பது போல.

"காலை எடுங்க," என்றாள்.

வந்தது.

"எடுங்கன்னு சொல்றேன்ல?"

கன்னத்தைத் தொட்டது. சூடாக இருந்தது.

"எடுடா காலை!"

அந்த வீட்டில் அவரை யாரும் 'டா' போட்டதில்லை. அவளே தன் குரலைக் கேட்டுத் திகைத்தாள். ஆனால் கை கிரைண்டரை அழுத்திவிட்டது. பொறி பறந்தது. இரும்பு அலறியது. கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியின் மேல் தீப்பொறிகள் மழையாகக் கொட்ட, கொடுமுடிச் சாலையையும், பஞ்சு திணித்த வாயையும், குழிந்த மிதியடியையும் சேர்த்து அறுத்துக்கொண்டிருந்தாள். அறுந்த தண்டு அவள் மார்பின் மேல் விழுந்தது. அறுத்த இரும்பின் கொதிப்பு அதில் இல்லை. தூங்கி எழுந்த மனிதனின் உடம்புச் சூடு இருந்தது. துளையில் வெளிச்சம் திரும்பியது.

லாஸ்யா அடியில் படுத்தபடியே சிரித்தாள். அத்தனை நாள் வராத நீளத் தண்டு இப்போது தானாக நழுவி வந்தது. எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். புது பிரேக் குழாய், புது ஆயில். இப்போது வண்டியில் ஒரே ஒரு பிரேக் பெடல்தான், ஓட்டுகிறவளுக்கு. துளையை வெல்டிங் வைத்து அடைக்க நேரமில்லை. ரப்பர் மிதியடியைப் போட்டு மூடினாள்.

எழுந்து நடந்தபோது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. பலகையில் ரொம்ப நேரம் கிடந்ததால் என்று நினைத்து, தேய்த்துக்கொண்டே கூடத்துக்குள் போனாள். அத்தை டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து அவள் முழங்காலைப் பார்த்தாள். மறுபடி டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க, நேஹா சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். இன்ஜின் இரண்டு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது.

"நீ மட்டும் போயிட்டு வா," என்றாள் லாஸ்யா. எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்த வாக்கியம் அது. வண்டி கேட் வரைக்கும் போனது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நொடியில் அவளுக்குள் ஒன்று குறுக்கே விழுந்தது: புது பிரேக் குழாய். யாரும் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"எதுக்கு ஏறறீங்க?"

"பிரேக் புதுசு கண்ணு. லாலி ரோடு வரைக்கும். இறங்கி ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்."

"வந்துட்டாங்கய்யா அடுத்த இன்ஸ்ட்ரக்டர்."

"சத்தியமா இறங்கிடறேன்."

கால்களைப் பின்னி சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆர்.எஸ்.புரத்தின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் நேஹா அழகாக ஓட்டினாள். நகைக்கடை வாசலில் நின்ற செக்யூரிட்டி சல்யூட் வைத்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. லாலி ரோடு சிக்னல் வந்தது.

"இறங்குங்க."

லாஸ்யா கதவுப் பிடியைப் பார்த்தாள். கையை நகர்த்த நினைத்தாள். கை மடியில் கிடந்தது. "அடுத்த ஸ்டாப்ல," என்றாள். ஏன் சொன்னாள்? தன் மேலேயே கோபம் மூண்டது. இறங்கு. இறங்குடி.

பச்சை விழுந்துவிட்டது.

வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் சாலை திறந்துகொண்டது. தூரத்தில் மருதமலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. நேஹா கியர் மாற்றினாள். கண்ணாடியை இறக்கினாள். ஈரக்காற்று அவள் முடியை அவிழ்த்து முகமெல்லாம் வீசியது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், பாட்டு. லாஸ்யாவின் கண் நிறைந்தது. இதற்காகத்தான். இந்த ஒரு முகத்துக்காகத்தான்.

முழங்காலில் வலி சுருக்கென்று ஏறியது.

தைலம்.

"மெதுவாங்க."

நேஹா சிரித்தாள். "யாரும்மா அது? பெத்த பொண்ணுக்கு 'ங்க' போடறீங்க?"

லாஸ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் குரல்தான். அவள் சொல்லவில்லை. பின்னியிருந்த கால்கள் பிரிந்தன. இடது கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வலது கால் முன்னே போனது. இழுத்தாள். முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அது அவசரமே இல்லாமல் நீண்டது. இடம் பார்த்தது. மிதியடியின் மேல் அமர்ந்தது. வேண்டாம். வேண்டாம். நேஹாவுக்கு இது வேண்டாம்.

இறங்கியது.

டயர்கள் கிறீச்சிட்டன. நேஹா கையை ஊன்றி முகத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். பின்னால் வந்த பைக்காரன் திட்டிக்கொண்டே விலகிப் போனான்.

"நான் மிதிக்கலை," என்றாள் நேஹா. "அம்மா, நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை!"

ஆக்சிலேட்டரைக் கொடுத்தாள். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

நேஹா குனிந்தாள். மிதியடியை உருவி எறிந்தாள்.

இரண்டு விரல் மட்டுமே நுழையும் துளை. அதற்குள் லாஸ்யாவின் கால் கணுக்கால்வரை போயிருந்தது. ரத்தம் இல்லை. கிழியவில்லை. தகரத்தின் விளிம்பில் தோல் சுருங்கி, ரப்பர் உறை போலப் பொருந்தியிருந்தது. அடியில் சாலை தட்டுப்படவில்லை. ஏதோ ஒன்று, கெட்டியாக, ஸ்பிரிங் மாதிரி, பாதத்தைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. அவளால் மிதிக்காமல் இருக்க முடியவில்லை.

"காலை எடுங்கம்மா! எடுங்க!"

"வரலை கண்ணு. வரமாட்டேங்குது."

நேஹா வண்டியை விட்டு இறங்கி, மழையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டாள். அம்மாவின் முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு காலை வண்டியின் படியில் உதைத்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். கை வழுக்கி, பின்னால் தார் ரோட்டில் போய் விழுந்தாள்.

எழுந்து உட்கார்ந்து, விரித்த கைகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். சாரல் அவள் உள்ளங்கைகளில் விழுந்து, செம்பழுப்பாக ஒழுகியது.

துரு.